தப்பு யார் மேல?

போன மாசம் என் நண்பன் ஒருவன் ஒரு பழைய மைவி வாங்கினான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் காசு சேர்த்து வாங்கிய முதல் காடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் பாடாங் செராயில் இருக்கிற கோயிலுக்குப் பூசை போடக் கொண்டு வந்தான். ஐயர் மாலை போட்டார், சந்தனம் குங்குமம் வைத்தார், கற்பூரம் காட்டினார். நாலு டயருக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். "இனிமே சாமி பாத்துக்கும்லா" என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

எண்ணெயை அழுத்தினான் பாருங்கள், நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கிச்சு. அதே வேகத்தில் வாசலைத் தாண்டிச் சாலைக்குத் திரும்பினான். செருப்பு விடும் இடத்தில் பூத்தட்டோடு வந்துகொண்டிருந்த ஒரு ஆன்ட்டி பதறிப்போய் ஒதுங்கினார். எல்லாரும் சிரித்தோம். அந்த ஆன்ட்டியும் சிரித்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு கேள்வி. நாம் பூசை போட்டது யாருக்கு? காடிக்கும் அதை ஓட்டுகிறவனுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்றுதானே வேண்டிக்கொண்டோம்? அந்தக் காடிக்கு முன்னால் வரப்போகிறவர்களுக்காக யாராவது ஒரு வார்த்தை வேண்டினோமா?

என் நண்பனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன்.

புல்லுக்கட்டு

2019ஆம் ஆண்டு. எனக்கு 17 வயது. எஸ்.பி.எம். எழுதும் வருஷம். மோட்டார் லைசென்ஸ் கிடைத்து ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. அப்பாவின் இஎக்ஸ்5 மோட்டாரில் லூனாஸுக்கு டியூஷன் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பெரிய சாலையில் லோரி அதிகம் என்று, செம்பனைக் காட்டுக்கு நடுவே போகிற குறுக்குச் சாலையில் வந்தேன். மணி எட்டு இருக்கும். மழை விட்டு லேசான தூறல். அந்தச் சாலையில் ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. மீட்டர் முள் 70இல் இருந்தது.

முன்னால் ஏதோ கறுப்பாக, அகலமாகத் தெரிந்தது. தெரிந்ததும் இடித்ததும் ஒன்றுதான். என் ஹேண்டல் எதிலோ உரசிக்கொண்டு போனது. மோட்டார் ஆடி ஆடி, எப்படியோ விழாமல் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. திரும்பிப் பார்த்தால் காணுக்குள் ஒரு சைக்கிள். பக்கத்தில் ஒரு தாத்தா.

மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். சைக்கிளுக்கு விளக்கும் இல்லை, பின்னால் சிவப்புக் கண்ணாடியும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் புல்லுக்கட்டு மறைத்திருக்கும். முழங்கையில் ரத்தம். நான் போய்த் தூக்கினேன். எனக்குக் கைகால் எல்லாம் நடுங்கியது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார்:

"ஒன்னும் இல்ல தம்பி. என் மேலதான் தப்பு. லைட்டு இல்லாம வந்துட்டேன். நீ பயப்படாத. பாத்துப் போய்யா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கப்பட்டுத்தான் எழுதுகிறேன், அப்போது எனக்கு வந்தது வெறும் நிம்மதி. சைக்கிளின் முன்சக்கரம் கோணிப் போயிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அவர் இருட்டில் நடந்து போனார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மருத்துவமனைக்குக் கூப்பிட்டுப் போகவில்லை. நம் நாட்டுச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. அவரே தன் மேல் தப்பு என்று சொன்ன பிறகு என்ன புகார்?

மறுநாள் காலையில் அம்மா கேட்டார்கள்: "என்னடா, மோட்டார்ல புல்லு சிக்கியிருக்கு?" கிளட்ச் இல்லாத அந்த மோட்டாரில் இடது கைப்பிடி ஓரமாக, கண்ணாடிக் கம்பியைச் சுற்றி நீளமான புல் சுற்றிக்கொண்டிருந்தது. "காத்துல வந்திருக்கும்மா" என்றேன். அம்மா நம்பிவிட்டார்கள்.

ஜொகூர் பாரு

மூன்று வருஷம் கழித்து, பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு. 2022 ஏப்ரல் மாதம். கேன்டீனில் எல்லா மேசையிலும் ஒரே பேச்சு.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017 பிப்ரவரி 18, விடியற்காலை மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாருவில் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் ஒரு கூட்டம் பையன்கள் "பாசிக்கல் லாஜாக்" ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கையும் விளக்கையும் கழற்றிவிட்டு, ஹேண்டலைத் தாழ்த்தி, நெஞ்சைச் சைக்கிளில் வைத்துப் படுத்துக்கொண்டு ஓட்டுவார்களே, அந்தச் சைக்கிள்தான். அந்த வழியாக வந்த காடி மோதியதில் 8 பேர் இறந்தார்கள். எல்லாம் 13 வயதிலிருந்து 16 வயதுக்குள். காடியை ஓட்டிய பெண்ணுக்கு அப்போது 22 வயது. இன்றைக்கு நம்மில் பலருக்கு இருக்கிற வயது.

வழக்கு ஆறு வருஷம் நடந்தது. 2019இல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விடுதலை செய்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2021இல் மறுபடியும் விடுதலை. 2022 ஏப்ரல் 13ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை மாற்றி, 6 ஆண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. ஒரு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 11ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை முழுமையாக விடுவித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால் குற்றம் சந்தேகம் இல்லாமல் நிரூபணமாக வேண்டும். அதைப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. பார்த்துவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது எங்கள் கேன்டீனைப் பற்றி. "மூணு மணிக்கு நடுரோட்டுல பையனுக்கு என்ன வேலை? அப்பா அம்மா என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று ஒரு மேசை. "எட்டு உசுருலா, எட்டு உசுரு" என்று இன்னொரு மேசை. இனம் பார்த்துப் பேசினவர்களும் இருந்தார்கள். முதல் மேசையில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியது நான்தான். "லைட்டு இல்லாம வந்தா அவன் மேலதான் தப்பு!" என்று மேசையைத் தட்டினேன்.

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வார்த்தை என்னுடையது இல்லை. அது அந்தத் தாத்தாவின் வார்த்தை. இத்தனை வருஷமாக நான் அதைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணக்கு

இயந்திரப் பொறியியல் படிக்கிறவன் நான். ஒரு விஷயம் மனசை அரித்தால் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

அந்த செமஸ்டர் விடுமுறையில் அதே மோட்டாரை அதே சாலைக்கு ராத்திரியில் கொண்டுபோனேன். மோட்டாரை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, கறுப்புச் சட்டை போட்ட என் தம்பியை முன்னால் நடக்கச் சொன்னேன். அவன் இருட்டில் மறைகிற இடம் வரை அளந்தோம். சுமார் 30 மீட்டர்.

இனி கணக்கு. மணிக்கு 70 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 19.4 மீட்டர். ஒரு பொருளைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் மோட்டார் 29 மீட்டர் போயிருக்கும். அதாவது, என் கை பிரேக்கைத் தொடுகிற நேரத்தில் நான் தாத்தா மேல் இருப்பேன். அதற்குப் பிறகு ஈரச் சாலையில் மோட்டார் முழுசாக நிற்க இன்னொரு 38 மீட்டர் வேண்டும். மொத்தம் 67 மீட்டர். எனக்குத் தெரிந்ததோ 30 மீட்டர்.

இதே கணக்கை 40இல் போட்டுப் பார்த்தேன். யோசிக்கிற நேரத்தில் 17 மீட்டர், பிரேக்கில் 12 மீட்டர். மொத்தம் 29. நின்றிருப்பேன்.

அன்றைக்கு அந்த இடத்தில் தாத்தா இல்லாமல் ஒரு மாடு படுத்திருந்தாலும், ஒரு மட்டை விழுந்து கிடந்தாலும், ஒரு பிள்ளை நின்றிருந்தாலும் நான் இடித்திருப்பேன். அவர் சைக்கிளில் விளக்கு இல்லாதது உண்மை. ஆனால் என் விளக்கு எட்டாத தூரத்துக்கு என் வேகம் எட்டியதும் உண்மை. கண்ணை மூடிக்கொண்டு 37 மீட்டர் ஓட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் புரிந்தது. என் ஹேண்டல் உரசியது புல்லுக்கட்டை. இன்னும் அரை அடி இடது பக்கம் போயிருந்தால் அவர் முதுகை. இரண்டு இடத்திலும் நான் அதே பையன், அதே வேகம், அதே புத்தி. ஒன்றில் "பாத்துப் போய்யா" என்று சொல்லி அனுப்பப்பட்டவன், இன்னொன்றில் ஓர் உயிரைப் போக்கியவன். இடையில் இருந்த அரை அடி என் நல்ல குணத்தால் வந்தது இல்லை. தினமும் நாம் எல்லாரும் வேகமாகப் போய்ப் பத்திரமாக வீடு திரும்புகிறோம். அதைத் திறமை என்று நினைத்துக்கொள்கிறோம். முக்கால்வாசி நாள் அது எதிரில் ஆள் வராத அதிர்ஷ்டம்.

தேர்க்காலும் தேர்மணியும்

பெரிய புராணத்தில், திருவாரூரின் பெருமையைச் சொல்கிற தொடக்கப் பகுதியிலேயே சேக்கிழார் ஒரு சாலை விபத்தைச் சொல்கிறார். மனுநீதிச் சோழன் கதைதான். தேவார வகுப்பிலும் தமிழ்ப்பள்ளியிலும் கேட்டுக் கேட்டுப் பழகியதால், அது ஒரு விபத்து என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

இளவரசன் தேரில் போகிறான். கன்றுக்குட்டி துள்ளிக் குறுக்கே வந்து சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. அவன் பார்க்கவில்லை, வேண்டுமென்றும் செய்யவில்லை. இன்றைக்கு அந்த வழக்கு வந்தால் எந்த வக்கீலும் சுலபமாக ஜெயித்துவிடுவார். அமைச்சர்களும் அதைத்தான் சொன்னார்கள்: இது தெரியாமல் நடந்தது, சாஸ்திரத்தில் பரிகாரம் இருக்கிறது, அதைச் செய்தால் போதும்.

மகனையே தேர்க்காலில் வைத்த அந்தத் தண்டனையை நான் நியாயப்படுத்த வரவில்லை. கடைசியில் சிவபெருமானே தோன்றி எல்லா உயிரையும் திருப்பிக் கொடுத்ததால்தான் அந்தக் கதையை நம்மால் தாங்க முடிகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அமைச்சர்கள் தேரை ஓட்டியவனைப் பார்த்துப் பேசினார்கள். ராஜா பசுவைப் பார்த்தான். தப்பு யார் மேல் என்பதை முடிவு செய்துவிட்டால் பசுவின் அழுகை நின்றுவிடுமா? அவன் கேட்டது அதைத்தான். இளவரசனிடமும் ஒரு விஷயம் உண்டு. அவன் கன்றைக் குறை சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே இதற்கு என்ன பரிகாரம் என்று தவித்து அலைந்தான். நான் தவித்தேனா? "காத்துல வந்திருக்கும்மா" என்றேன்.

மனுநீதிச் சோழன் விபத்துக்குப் பிறகு யோசித்தவன். விபத்துக்கு முன்பே யோசித்தவன் ஒருவனும் நம் இலக்கியத்தில் இருக்கிறான். அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். காதலியைப் பார்க்க அவசரமாகத் தேரில் வருகிறவன் அவன். வழியில் பூவில் தேன் குடிக்கிற வண்டுகள் மணிச் சத்தத்தில் மிரளக்கூடாது என்று, தேர் மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான். வண்டு கேஸ் போடாது. வண்டுக்காக எந்தச் சட்டமும் இல்லை. தேரில் இருப்பவன் தான், வழியில் இருப்பது வண்டு. அந்த ஒரு காரணம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இதைத்தான் நான் தர்மம் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். "தப்பு யார் மேல?" என்பது எல்லாம் முடிந்த பிறகு கேட்கிற கேள்வி. போலீசும் கோர்ட்டும் காப்புறுதி நிறுவனமும் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சாவியைத் திருகும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "என் கையில் இருப்பது என்ன? இதற்கு முன்னால் யாரெல்லாம் வரக்கூடும்?"

"அப்ப அவங்க மேல தப்பே இல்லையா?"

என் கூட்டாளி ஒருவனிடம் இதைச் சொன்னபோது அவன் சண்டைக்கே வந்துவிட்டான். "அப்ப லைட்டு இல்லாம வர்றவன், ஒன்வேயில எதிர்த்து வர்றவன், ஹெல்மெட் போடாதவன், எல்லாருக்கும் நீதான் பொறுப்பா? அவனுங்க மேல தப்பே இல்லையா?"

நியாயமான கேள்வி. அவர்கள் மேலும் தப்பு இருக்கிறது. சைக்கிளுக்கு ஒரு சின்ன சிவப்பு விளக்கு மாட்ட வேண்டியது தாத்தாவின் பொறுப்புத்தான். விளக்குக் கம்பம் இல்லாத சாலைக்கு யாரோ ஒரு இலாகா பொறுப்பு. டியூஷனுக்கு ராத்திரியில் தனியாக அனுப்பிய என் வீட்டுக்கும் கொஞ்சம் பொறுப்பு. ஆனால் பொறுப்பு என்பது ஒரு ரொட்டி சானாய் இல்லை, அவர் பாதியைப் பிய்த்துக்கொண்டால் எனக்குப் பாதிதான் மிச்சம் என்று சொல்வதற்கு. அவர் பங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் என் பங்கு முழுசாக என் தட்டிலேயே இருக்கும்.

அதிலும் ஒரு ஏற்றத்தாழ்வு உண்டு. மோதினால் யாருக்கு அடி அதிகம் என்று பாருங்கள். லோரியும் காடியும் மோதினால் காடிக்கு, காடியும் மோட்டாரும் மோதினால் மோட்டாருக்கு, மோட்டாரும் சைக்கிளும் மோதினால் சைக்கிளுக்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நாலு மடங்கு. யார் கையில் எடையும் வேகமும் அதிகமோ அவர்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும். பலம் உள்ளவனுக்குக் கடமை அதிகம் என்று நாம் மேடையில் பேசுவது இதுதானே?

நம் நாட்டில் 2019இல் மட்டும் 6,167 பேர் சாலையில் இறந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் இப்படி இறப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் மோட்டார்க்காரர்கள்தான். அதனால் மோட்டார் ஓட்டுகிற நாம் காடிக்காரர்களைத் திட்டுகிறோம். திட்டலாம், நியாயம் இருக்கிறது. ஆனால் ராத்திரி வேலை முடிந்து, விளக்கில்லாத சைக்கிளில் தங்கும் இடத்துக்குத் திரும்புகிற வங்காளதேசத்துக்காரரும் நேப்பாளத்துக்காரரும், புல்லுக்கட்டோடு போகிற தாத்தாவும் நம்மைத் திட்டுவது நம் காதில் விழுவதில்லை. மனுநீதிச் சோழன் வாசலில் பசு அடிக்க ஒரு மணி இருந்தது. அவர்களுக்கு அதுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறிதான் சாப்பிடுகிறோம். ஓர் உயிரைக் கொல்லக்கூடாது என்று விரதம் இருக்கிறோம். அதே வெள்ளிக்கிழமை ராத்திரி, குடியிருப்புப் பகுதியில் 90இல் போகிறோம். விரதம் முறிந்ததாக நமக்குத் தோன்றுவதே இல்லை.

திரும்பிப் போனேன்

இந்த வருஷம் பொங்கல் லீவில் அந்தத் தாத்தாவைத் தேடிப் போனேன். எங்கள் ஊரில் ஒரு ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. கோப்பிக் கடையில் இரண்டு பேரிடம் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். போகும்போது சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு சிவப்பு விளக்கு வாங்கிக்கொண்டு போனேன். 15 வெள்ளி.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. "அட, நீதானா அது! உக்காருய்யா" என்று கோப்பி போடச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அதையெல்லாமா இன்னும் நெனச்சுக்கிட்டிருக்க? கை அப்பவே ஆறிப்போச்சு" என்றார்.

விளக்கை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சைக்கிள் இல்லையே தம்பி. அதுக்கப்புறம் நான் ஏறல. பின்னால மோட்டார் சத்தம் கேட்டாலே ஒடம்பு நடுங்குது. புல்லறுக்கப் போக முடியல. ரெண்டு மாட்டையும் வித்துட்டேன்."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதன் பிறகு என் படிப்பைப் பற்றி விசாரித்தார்.

அந்த இரண்டு மாடும் எந்த போலீஸ் ரிப்போர்ட்டிலும் இல்லை. எந்த நீதிமன்றமும் அதைக் கேட்கப்போவதில்லை. ஐந்து வருஷமாக, அந்த ராத்திரி ஒன்றும் ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். ராத்திரியில், உங்கள் விளக்கு எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். யாரையாவது இடித்துவிட்டால் நில்லுங்கள். அவரே "பரவாயில்ல" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், புகார் செய்யுங்கள், வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் சைக்கிள் ஓட்டுகிற பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு விளக்கு மாட்டிக் கொடுங்கள். அடுத்த முறை வண்டிப் பூசைக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது, வழியில் வரப்போகிறவர்களையும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிக்கொண்டால் பழத்தின் மேல் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏற்றத் தோன்றும்.

அந்தச் செம்பனைச் சாலையில் நான் இப்போதும் போகிறேன். ராத்திரியில் 40தான். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள், சிலர் திட்டிவிட்டு முந்திப் போவார்கள். ஓரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டுவிடுகிறேன்.